மனநோய் அளவுகோல்களை நினைவில் நிறுத்த உடம்பும் ஏ9 வீதியும்

மனநோய்களைக் கண்டறியும் அளவுகோல்களைப் படிப்பவர்கள் அறிகுறிகளை அவ்வளவாக மறப்பதில்லை. எண்ணிக்கையும் காலமும்தான் நழுவும். ஆங்கில எழுத்துகளைக் கோத்த சூத்திரங்கள் பரீட்சைத் தாளில் கைகொடுக்கும். ஆனால் கிளினிக்கில் முன்னால் இருப்பவர் "ஒண்டிலயும் மனம் ஒட்டுதில்லை" என்று சொல்லும்போது அது எந்த எழுத்து என்று தேட நேரமிராது. வன்னியில் வேலை செய்யப்போகும் மருத்துவ மாணவர், தாதியர், உளவளத்துணையாளர் தமிழிலேயே நினைவுக்குறி கட்டிக்கொள்வது நல்லது. கீழே வரும் எண்கள் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்-5-ரி.ஆர் (2022) பதிப்பின்படி, வளர்ந்தவர்களுக்கானவை.

மனச்சோர்வு: உடம்பைத் தொட்டு எண்ணுங்கள்

ஒன்பது அறிகுறிகளையும் உச்சியிலிருந்து கீழாக வையுங்கள். தலை: கவனம் நிற்காமை. முகம்: நாளின் பெரும்பகுதி கவலை. கண்: நித்திரைக் குழப்பம். வாய்: பசியோ நிறையோ மாறுதல் (ஒரு மாதத்தில் நிறை 5 வீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு). நெஞ்சு: குற்றவுணர்வு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம். கை: எந்த வேலையிலும் ஆர்வமின்மை. கால்: நடமாட்டம் மந்தமாதல் அல்லது இருக்கமுடியாத அந்தரம், இது மற்றவர் கண்ணுக்கும் தெரியவேண்டும். முழு உடம்பு: களைப்பு. உயிர்: சாவு பற்றிய எண்ணம்.

ஐந்து வேண்டும், இரண்டு வாரம் வேண்டும், அந்த ஐந்தில் முகமோ கையோ கட்டாயம் இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அந்த இடத்தைத் தொடுங்கள். முகத்தையும் கையையும் இரண்டு தரம் தட்டுங்கள்.

இங்கே அடிக்கடி வரும் பிழை ஒன்று. நம் ஆட்கள் மனச்சோர்வைத் தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு என்றுதான் முதலில் சொல்வார்கள். இவை ஒன்பதில் இல்லை, எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. ஆனால் அவற்றைக் கேட்டவுடன் முகத்தையும் கையையும் பற்றி விசாரிக்கத் தொடங்கவேண்டும். "உயிர்" வந்துவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து சேராவிட்டாலும் அன்றே ஆபத்தை விசாரித்து, மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

காலங்கள்: வவுனியாவிலிருந்து வடக்கே ஒரு பஸ்

மனதுக்குள் ஏ9 வீதியில் பஸ் ஏறி, தரிப்பிடத்துக்கு ஒரு காலத்தை (நோய்க்குத் தேவையான குறைந்தபட்ச காலம்) இறக்குங்கள். வவுனியா 1 நாள்: குறுகிய உளமாய நோய் (யதார்த்தத்தோடு தொடர்பு அறும் நிலை). ஓமந்தை 3 நாள்: கடும் நெருக்கீட்டு நோய் (பேரதிர்ச்சியை அடுத்து வருவது). புளியங்குளம் 4 நாள்: ஹைப்போமேனியா (மேனியாவின் மென்மையான வடிவம்). கனகராயன்குளம் 1 வாரம்: மேனியா, அதாவது அளவுமீறிய மனவெழுச்சி (வாட்டில் அனுமதிக்கும் அளவுக்கு முற்றினால் ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை). மாங்குளம் 2 வாரம்: மனச்சோர்வு. முறிகண்டி 1 மாதம். கிளிநொச்சி 6 மாதம்: சிசோபிரீனியா (மனச்சிதைவு), பொதுவான பதகளிப்பு நோய். பரந்தன் 12 மாதம்: நீடித்த துயர நோய். ஆனையிறவு 2 ஆண்டு: நீடித்த மனச்சோர்வு.

முறிகண்டியில் பிள்ளையாருக்காக வாகனங்கள் நிற்கும். அளவுகோலிலும் அங்கே நின்று பார்க்கவேண்டும், நோயின் பெயர் மாறும் இடம் அது. ஒரு மாதம் தாண்டினால் கடும் நெருக்கீட்டு நோய் என்ற பெயர் பொருந்தாது, பி.ரி.எஸ்.டியா (பேரதிர்ச்சிக்குப் பின்னான நெருக்கீட்டு நோய்) என்று பார்க்கவேண்டும். குறுகிய உளமாய நோய் சிசோபிரீனிஃபோர்ம் (சிசோபிரீனியா போன்ற, ஆறு மாதத்துக்குக் குறைந்த நோய்) ஆகும். அதே நோய் கிளிநொச்சி தாண்டினால் சிசோபிரீனியாவாகலாம். மாணவர் குழம்புவது இங்கேதான்: ஆறு மாதம் என்பது முழு நோய்க்காலம். அதற்குள் ஐந்து முக்கிய அறிகுறிகளில் குறைந்தது இரண்டு ஒரு மாதம் தெளிவாக இருக்கவேண்டும். அவற்றில் ஒன்று பிரமை நம்பிக்கை, மாயப்புலன், குழம்பிய பேச்சு என்ற மூன்றிலிருந்து வரவேண்டும்.

பரந்தனில் ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 துயர நோய்க்கு 6 மாதம் போதும் என்கிறது. இரண்டுமே நெருங்கிய ஒருவரின் மரணத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு அந்த முதல் நாளே இல்லை. அவரை இந்த அளவுகோலுக்குள் இழுத்துப் பொருத்தாதீர்கள். பதிவில் நிலைமையை அப்படியே விவரித்து எழுதுங்கள்.

பி.ரி.எஸ்.டி: வருது, விலகுது, மாறுது, துடிக்குது

நான்கு சொல், நான்கு எண்: 1, 1, 2, 2. நினைவு தானாக வருது (5இல் 1). நினைவூட்டுபவற்றிலிருந்து விலகுது (2இல் 1). எண்ணமும் மனநிலையும் மாறுது (7இல் 2). உடம்பு துடிக்குது (6இல் 2). சொல்லையும் எண்ணையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். பிரித்துப் படித்தால் எண் கழன்றுவிடும்.

ஒரு நடத்தையை இரண்டு இடத்தில் எண்ணுவதும் வழமையான பிழை. திருவிழா வெடிச்சத்தத்துக்கு அளவுமீறித் திடுக்கிட்டால் துடிக்குது. அந்தச் சத்தத்தில் 2009 கண்முன் வந்தால் வருது. அதற்குப் பயந்து திருவிழாவுக்கே போகாவிட்டால் விலகுது. மூன்றையும் வெவ்வேறு கேள்வியாகக் கேட்டு, பதில் கிடைத்ததை மட்டும் எண்ணுங்கள்.

அட்டை எழுதும் முறை

ஒரு நோய்க்கு ஓர் அட்டை. முன்பக்கம் நோயாளி வாயிலிருந்து வரக்கூடிய ஒரு வசனம் மட்டும். பின்பக்கம் நான்கு வரி: எத்தனையில் எத்தனை, கட்டாயமானது எது, எவ்வளவு காலம், எதை விலக்கவேண்டும். நாலாவது வரியைத்தான் பலர் விடுவார்கள். தைரொயிட், குடி, மருந்துகள் ஆகியவற்றை விலக்கி, வீடு, தொழில், உறவு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்காமல் எந்த அட்டையும் முடிவதில்லை. அட்டையைப் பார்த்து வாசிப்பதில் பயன் குறைவு; மூடிவைத்து வெறுந்தாளில் எழுதி, பிறகு திருப்பிச் சரிபாருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி கூட்டுங்கள். பிழைத்த அட்டை மட்டும் மறுநாளுக்குத் திரும்பவேண்டும்.