பாஸ்வேர்டு மேனேஜர்: சேரும் முன்பே வெளியேறும் வழியைப் பாருங்கள்

நாகர்கோவிலில் கடை நடத்துபவரோ, துபாயில் இருந்துகொண்டு மார்த்தாண்டத்து வீட்டுக் கரண்ட் பில் கட்டுபவரோ, எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் தேடினால் முதலில் கேட்பது "எது ஃப்ரீ?" என்பதுதான். கேட்கலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் 2021 மார்ச்சில் இலவசக் கணக்கை கம்ப்யூட்டர் அல்லது மொபைல், இரண்டில் ஒன்றில் மட்டும் என்று சுருக்கியது. டிராப்பாக்ஸ் பாஸ்வேர்ட்ஸ் என்ற இன்னொன்று 2025 அக்டோபரில் சேவையையே மூடியது. அதனால் சேர்ந்த வாரத்திலேயே எக்ஸ்போர்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பாக வெளியே எடுத்து, பாருங்கள். சிஎஸ்வி (சாதாரணப் பட்டியல்) கோப்பாக வந்தால் அதில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் அப்படியே தெரியும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அடுத்தது மாஸ்டர் பாஸ்வேர்டு, அதாவது பெட்டகத்தையே திறக்கும் பாஸ்வேர்டு. 2022-இல் லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களைத் திருடர்கள் அள்ளிப்போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன, இணையதள முகவரிகள் பூட்டப்படவில்லை. நகல் கைக்கு வந்தபின் எத்தனை முறை வேண்டுமானாலும் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். "திருவள்ளுவர்133" மாதிரி வைத்தவர் கதி என்ன? சிலையின் உயரம் ஊருக்கே தெரியுமே. ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது திருடனுக்கு அல்ல, நம்மையே வெளியே பூட்டிவிடும் சுற்றுக்குத்தான். ஜிமெயில் பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள் இருக்கிறது. புது போனில் பெட்டகத்தைத் திறக்கப் போனால் சரிபார்ப்பு எண் அந்த ஜிமெயிலுக்கே போகிறது. முட்டத்தில் பழைய போன் கடலில் விழுந்துவிட்டதென்றால் இரண்டும் திறக்காது. நல்ல சேவைகளில் மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்துக்கே தெரியாது. கஸ்டமர் கேரில் அழுதாலும் பயனில்லை. சரி, என்ன செய்யலாம்? மாஸ்டர் பாஸ்வேர்டு, ரெக்கவரி கோடு (போன் தொலைந்தால் உள்ளே போக சேவை தரும் குறியீடு), மெயில் பாஸ்வேர்டு மூன்றையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இடம் தெரியட்டும்.

பெட்டகத்தை நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாக வைக்கும் கீபாஸ் மென்பொருளின் பிரியர்கள் "எங்களுக்குக் கம்பெனியே கிடையாது" என்பார்கள். உண்மைதான். அந்தக் கோப்பு ஒரே பென்டிரைவில் இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

குழுவாகப் பயன்படுத்தும்போது சிக்கல் வேறு. கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயப்ப சீசனுக்கு ரிசப்ஷனில் தற்காலிக ஆட்கள் வருவார்கள். புக்கிங் தளம், ஹோட்டல் மெயில், வைஃபை எல்லாம் முதலாளியின் சொந்தக் கணக்கில் இருக்கும், அதன் மாஸ்டர் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். அவருடைய பேங்க் பாஸ்வேர்டும் அதே பெட்டகத்தில்! ஆளுக்கு ஒரு கணக்கு, பகிர வேண்டியதற்கு மட்டும் பொது ஃபோல்டர், இதுதான் முறை. பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள இலவசத் திட்டம் போதும், ஆள் கூடினால் காசு கட்டத்தான் வேண்டும்.

பாஸ்வேர்டை மறைத்துப் பகிரும் வசதியை நம்பி ஏமாறாதீர்கள். பிரவுசர் நிரப்பிக் கொடுத்த பாஸ்வேர்டை விவரம் தெரிந்தவர் எடுத்துவிடுவார். ஆள் வேலையை விட்டால் கணக்கை நீக்கினால் மட்டும் போதாது, அவர் பார்த்த பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். அப்புறம், அட்மின் ஒருவரே என்று வைக்காதீர்கள், அவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் லாட்ஜ் நடந்தாக வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரே ஆள் என்றால் இவ்வளவு தேடலே வேண்டாம். கூகுளின் பாஸ்வேர்டு மேனேஜர் போதும், ஸ்கிரீன் லாக் மட்டும் 1234 ஆக இருக்கக் கூடாது.