ஃபிரான்சைஸ் கொடுக்கும் முன் இரண்டாவது கடை

வேளச்சேரியில் உங்கள் கம்பங்கூழ் கடைக்கு நல்ல கூட்டமா? சந்தோஷம். ஆனால் உடனே ஃபிரான்சைஸ், அதாவது உங்கள் பெயரிலும் முறையிலும் இன்னொருவர் கடை நடத்தும் உரிமை, கொடுத்துவிடாதீர்கள். அம்பத்தூர் பக்கம் நீங்களே இன்னொரு கடை போட்டு, ஆறு மாதம் கல்லாவில் உட்காராமல் ஆட்களை வைத்தே நடத்திப் பாருங்கள். அங்கேயும் அதே ருசி வரவேண்டும். அதற்கு ‘ஒரு கை உப்பு, கொஞ்சம் மோர்’ என்பதெல்லாம் கிராமிலும் மில்லியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும், மோர்மிளகாய் எத்தனை நிமிடம் வறுபட வேண்டும் என்பது உட்பட.

அப்புறம் பெயர். கடைப் பெயரை டிரேட்மார்க்காக (வணிகக் குறியாக) பதிவு செய்துவிடுங்கள். டிரேட்மார்க் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் தொழில் வகையைக் குறிக்க வேண்டும்; உணவகத்துக்கு அது 43-ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி எழுதிக்கொள்வதுதான் பிடிமானம். எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வராது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.