மதர்போர்டை மாற்றினாலும் விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை

மட்டக்களப்பில் கடற்கரையை அண்டிய வீடுகளில், உப்புக்காற்றாலும் ஐப்பசி மாத இடிமின்னலாலும் கணினியின் மதர்போர்ட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை) பழுதாவது புதிதன்று. போர்டை மாற்றினால் விண்டோஸையும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். விண்டோஸ் 10, 11 ஆகியவை புதிய போர்டைத் தாமாகவே இனங்கண்டுகொள்வதால், பெரும்பாலும் அதற்குத் தேவை ஏற்படுவதில்லை. ஆனால் பழைய போர்ட் விட்டு விட்டாவது இயங்கும்போதே ஆயத்தங்களை முடித்துவிட வேண்டும்.

கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்த பின், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கர் இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்; உரிமையாளர் அறியாமலே அது இயங்கும் கணினிகளும் உண்டு. அதன் பூட்டு பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருப்பதால், 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாமற் போகலாம். சாவியைத் தாளில் எழுதி வைத்து, பிட்லொக்கரை முழுவதுமாக நீக்கிவிடுவதே பாதுகாப்பானது. விண்டோஸில் உள்நுழையும் பின் (PIN) இலக்கமும் புதிய போர்டில் செல்லாது போகக்கூடும் என்பதால் கணக்கின் கடவுச்சொல்லையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசன்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்து, புதிய போர்டின் நெட்வேர்க் டிரைவரை (இணைய இணைப்பை இயக்கும் மென்பொருளை) பென் டிரைவில் இறக்கி வையுங்கள். விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்ற கருவி காட்டும் பயாஸ் மோட், அதாவது கணினி தொடங்கும் முறை, யூஇஎஃப்ஐயா (UEFI) லெகசியா (Legacy) என்பதையும், போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா மோட், அதாவது டிஸ்க்கை இணைக்கும் முறை, ஏஹெச்சிஐயா (AHCI) ரெய்டா (RAID) என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்னிணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, கேஸின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே போர்டைக் கழற்றுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில், புதிய போர்டின் ஸ்க்ரூ துளைக்கு நேரே வராதது ஒன்றிருந்தாலும் அதை அகற்றிவிடுங்கள். அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் ஷோர்ட் ஆகிவிடும்.

புதிய பயாஸில் குறித்துவைத்த மோட்களையே அமைத்து இயக்குங்கள். நீலத் திரையில் 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், பெரும்பாலும் சாட்டா மோட் மாறியிருப்பதே காரணம். சில இன்டெல் போர்டுகளில் பயாஸில் உள்ள விஎம்டி (VMD) என்ற டிஸ்க் அமைப்பை அணைக்க வேண்டியிருக்கும். முதல் தடவை கணினி தாமதிக்கும், தானாக மீண்டும் இயங்கவும் கூடும். இடையில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

அக்டிவேஷன் (விண்டோஸ் லைசன்ஸின் உறுதிப்பாடு) போய்விட்டால், செட்டிங்ஸில் அப்பகுதியிலுள்ள ட்ரபிள்ஷூட்டைத் திறந்து, அண்மையில் வன்பொருள் மாற்றியதாகத் தெரிவியுங்கள். கணினியோடு வந்த ஓஈஎம் லைசன்ஸ் பழைய போர்டுக்கே உரியது என்பதால் அது மறுக்கப்படலாம். அப்போதும் புதிய லைசன்ஸ் சாவியை அதே விண்டோஸில் இட்டால் போதும்.