செண்டிரியான் பெர்ஹாட் இயக்குநராகப் பதிய: ஐசி முதல் முகவரி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லாரி, உரம், கேட்டரிங் என்று நிறுவனம் தொடங்குபவர்கள் பெயர் தேர்வில்தான் அதிகம் யோசிக்கிறார்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில்.

2016 நிறுவனச் சட்டப்படி ஓர் இயக்குநர் இருந்தாலே செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதியலாம். அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதன்மை வசிப்பிடம் மலேசியாவில் இருக்க வேண்டும். திவாலானவர், உரிய அனுமதியின்றி, இயக்குநராக முடியாது. தகுதியிழப்பு இல்லை என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். பொய் சொன்னால் அதுவே குற்றம்.

பெயரை மைகார்டில் (ஐசியில்) உள்ளபடியே, ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) உட்பட, எழுத்து மாறாமல் கொடுங்கள். வங்கிக் கணக்கிலுள்ள பெயர் ஒரு எழுத்தில் வேறுபட்டால், பிறகு நிறுவனக் கணக்கு திறக்கும்போது இழுபறிதான்.

முகவரிதான் தோட்டத்து ஆட்களுக்குப் பெரிய தலைவலி. தோட்டம் கைமாறி லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்த பிறகும் கார்டில் பழைய முகவரியே நிற்கும். முதலில் தேசியப் பதிவிலாகாவில் மாற்றிவிட்டு வாருங்கள். கடிதம் உண்மையில் கைக்கு வந்து சேரும் முகவரியாக இருக்கட்டும். பொதுத் தபால்பெட்டியை நம்பி நோட்டீஸைத் தவறவிடாதீர்கள்.

நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மின் மைகோய்ட் இணையத் தளத்தில் பெயர் ஒதுக்க 50 ரிங்கிட், 30 நாளுக்குச் செல்லும். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். பதிவான 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை நியமியுங்கள். இயக்குநர் மாறினால் 14 நாளுக்குள் எஸ்எஸ்எம்முக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.