வானொலி ஊமையானால் சூரியனைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பட்டப்பகலில் என் சிற்றலை வானொலி திடீரென்று ஊமையானால், ரம்புத்தான் மரத்தில் கட்டிய ஏரியல் கம்பியை அணில் கடித்துவிட்டது என்பார் வீட்டுக்காரம்மா. ஆனால் சூரியன் வெடித்து வீசும் எக்ஸ்-கதிரும் சிற்றலையை அடைத்துவிடும். கம்பியைப் பார்க்கும் முன் கைப்பேசியை எடுங்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விண்வெளி வானிலைப் பக்கத்தில் கோஸ் செயற்கைக்கோள்களின் எக்ஸ்-கதிர் வரைபடம் இருக்கும். பதிவுக் கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கோடு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஏறும். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் 10 மடங்கு. சி வரை கவலையில்லை. எம்1 தாண்டினால் சிற்றலை தேயத் தொடங்கும். எக்ஸ்1 என்றால் பகல் பக்கத்தில் ஒரு மணி நேரம் வரைகூட வானொலியில் சத்தம் வராமல் போகலாம். கீழ் அலைவரிசைகள்தான் அதிகம் அடிபடும், கடைசியில்தான் மீளும். 7 மெகாஹெர்ட்ஸை விட்டு 21-க்கு ஏறிப் பாருங்கள். முன்னெச்சரிக்கை எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்-கதிர் ஒளி வேகத்தில் எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. கோடு ஏறும்போதே அடி விழுந்தாயிற்று.

வரைபடத்தில் இருப்பது உலக நேரம், 8 மணி கூட்டுங்கள். 03:00 என்றால் நமக்குப் பகல் 11, அடி நம் பக்கம்தான். 18:00 என்றால் நடுநிசி தாண்டி 2 மணி; அது பிரேசில்காரர்கள் பாடு. மார்ச், செப்டம்பர் வாக்கில் தினமும் கொஞ்ச நேரம் கோடு அறுந்து நிற்கும். செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சூரியன் ஊதித் தள்ளும் மின்னேற்றத் துகள்களான சூரியக் காற்றுக்கு மட்டும் அவகாசம் உண்டு. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற புள்ளியில், 1997-இல் ஏவிய ஏஸ் போன்ற விண்கலங்கள் காவல் நிற்கின்றன; இந்தியாவின் ஆதித்யா-எல்1 கூட 2024 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தது. காற்றின் வேகம் நொடிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டி, அதன் காந்தப்புலம் வடக்கா தெற்கா என்று காட்டும் பிஇசட் கோடும் சுழியத்துக்கு வெகு கீழே மணிக்கணக்கில் கிடந்தால், பூமியின் காந்தப்புலம் கலங்கும் காந்தப் புயலை எதிர்பார்க்கலாம். அந்தக் கலக்கத்தை அளக்கும் கேபி எண் 5-ஐத் தொட்டால் புயல்; உச்சம் 9. 2024 மே மாதம் 9-ஐத் தொட்டது. ஆனாலும் நம் ஊரில் கேபியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது வீண். துருவ ஒளி தேடுகிறவர்களுக்குத்தான் அது முதல் எண்.

“இன்றிரவு கைப்பேசியை அணையுங்கள், கதிர் வருகிறது” என்று குழுவில் யாராவது அனுப்பினால், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பல நாட்களில் கோடு எம் வகுப்பைக்கூடத் தொட்டிருக்காது.

அப்புறம், பொழுது சாய்ந்தபின் வரும் தொல்லை வேறு. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், குறிப்பாக மார்ச், செப்டம்பரில், மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலம் கலங்கி ஜிபிஎஸ் தடுமாறும். எக்ஸ்-கதிர்க் கோடு அப்போதும் சாதுவாகவே கிடக்கும். செம்பனைக்கு டிரோனில் மருந்தடிக்கும் என் மருமகனிடம், அந்த மாதங்களில் இருட்டிய பிறகு ஏற்றாதே, காலையில் பசியாறிவிட்டுப் போய் அடி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.