பீர் புளிக்க வைக்க கண்ணாடி கார்பாயா, பிளாஸ்டிக் பக்கெட்டா?

வீட்டுலயே பீர் போடலாம்னு முடிவு பண்ணி ஹோம்ப்ரூ கடைக்குள்ள நுழைஞ்சீங்கன்னா முதல்ல கண்ணுல படறது பளபளன்னு நிக்கற பெரிய கண்ணாடி கார்பாய்தான் (சின்ன வாய் வச்ச பெரிய ஜாடி), பக்கத்துலயே பெயிண்ட் டப்பா மாதிரி ஒரு வெள்ளை பக்கெட் கெடக்கும், அதை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் கண்ணாடியை கட்டிப்பிடிச்சு தூக்கிட்டு வந்தேன். இப்ப யார் கேட்டாலும் முதல் பேட்ச்சுக்கு அந்த பக்கெட்டையே வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

சட்டம் பத்தி ஒரு வரி. நான் இருக்கறது நியூ ஜெர்சில, 1978ல கையெழுத்தான சட்டத்துனால அமெரிக்கால வீட்டுக் குடிக்கு வரி கட்டாம பீர் போடலாம், ஒருத்தர் மட்டும் இருக்கற வீட்டுக்கு வருஷம் 100 கேலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ பெரியவங்க இருந்தா 200 கேலன், விக்கக் கூடாது. தமிழ்நாட்டுல இருந்து படிக்கறவங்க சும்மா தெரிஞ்சுக்க மட்டும் படிங்க, அங்க 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு.

சரி, சைஸ்ல ஆரம்பிப்போம். பொதுவா ஒரு பேட்ச் 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதுக்காக 5 கேலன் பாத்திரம் வாங்கிடாதீங்க. இட்லி மாவை குண்டான் முழுக்க ஊத்தி வச்சா காலைல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்ல, ஈஸ்ட் வேலை செய்ய ஆரம்பிச்சதும் இதுவும் நுரை கட்டி பொங்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, 6.5 கேலன் எடுங்க. கண்ணாடிக்கு வாய் சின்னது, பொங்கின நுரையும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு கொடுக்கற பூ) தூளும் ஏர்லாக்கை, அதாவது உள்ள இருக்கற வாயுவை வெளிய விட்டு வெளிக்காத்தை உள்ள விடாத தண்ணி அடைப்பானை, அடைச்சா கார்க் கூரைல போய் அடிக்கும், அது கழலாம மாட்டிக்கிட்டா பாத்திரமே வெடிக்கலாம். அதனால முதல் மூணு நாள் ஏர்லாக்குக்கு பதிலா தடியான ட்யூபை சொருகி இன்னொரு முனையை தண்ணி ஜாடிக்குள்ள விட்டுடுங்க. பக்கெட்ல அதிகபட்சம் மூடி கழண்டுக்கும், தரையைத் துடைச்சா முடிஞ்சது.

அடுத்தது எடை, என்னைக் கேட்டா முடிவு பண்ண வேண்டியதே இதை வச்சுதான். காலி கண்ணாடி கார்பாயே 6, 7 கிலோ வரும், உள்ள 19 லிட்டர் பீர், மொத்தம் 25 கிலோ அரிசி மூட்டையைத் தாண்டிடும், மூட்டைனாலும் தோள்ல போட்டுக்கலாம், இதைப் பிடிக்க காது கூட கிடையாது, கையெல்லாம் ஸ்டார் சேன்ங்கற சானிடைசர் நுரை, அதோட பேஸ்மென்ட் படி இறங்கணும். கழுத்துல மாட்டற கைப்பிடி ஒண்ணு தனியா விக்கறாங்க, அது காலி கார்பாயை நகர்த்த மட்டும்தான், நிரம்பினதை அதைப் பிடிச்சுத் தூக்கினீங்கன்னா கழுத்து தனியா வந்துடும். கண்ணாடிதான்னு பிடிவாதமா இருந்தா பால் கிரேட்டுக்குள்ள இறக்கி வச்சு கிரேட்டைப் பிடிச்சுத் தூக்குங்க, இல்ல அடில சுத்தி வர்ற பெல்ட் வாங்குங்க, கால்ல ஷூ போட்டுக்கோங்க.

என் கண்ணாடி போன கதை வேற. பிப்ரவரி மாசம், கராஜ்ல குளிர்ல கெடந்த கார்பாயை கழுவலாம்னு உள்ள கொண்டு வந்து குழாய்ல வர்ற சுடுதண்ணியை அப்படியே புடிச்சேன். டொக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். அடிப்பாகம் மட்டும் அப்பளம் மாதிரி வட்டமா கழண்டு சிங்க்ல விழுந்துச்சு, கழுத்து என் கையில. உள்ள பீர் இல்லாததும் கால் மேல விழாததும் அதிர்ஷ்டம். அதனால கண்ணாடில கொதி வோர்ட்டை (இன்னும் புளிக்காத, மால்ட் காய்ச்சின இனிப்புத் தண்ணி) ஊத்தவே கூடாது, காய்ச்சின கெட்டில்லயே 20 டிகிரி செல்சியஸுக்கு ஆற வச்சுட்டு ஊத்துங்க.

பிளாஸ்டிக்குக்கும் குறை இருக்கு, இல்லாம என்ன. முக்கியமா கீறல். பச்சை ஸ்க்ரப்பர், கம்பி பிரஷ் பட்டா உள்ள கண்ணுக்குத் தெரியாத கோடு விழும், அதுக்குள்ள பாக்டீரியா குடி வந்துட்டா நீங்க எவ்ளோ சானிடைசர் ஊத்தினாலும் வெளிய வராது, அடுத்த பேட்ச் புளிப்பு. பெர்கார்பனேட் கிளீனர் கலந்த தண்ணில ராத்திரி ஊற விட்டு காலைல மெத்துத் துணியால துடைச்சா போதும், அப்புறம் போடறதுக்கு முன்னாடி 19 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி ஸ்டார் சேன். நகத்தால தடவிப் பாத்து தட்டுப்பட்டா பக்கெட்டை மாத்திடுங்க. வாசனையும் பிடிச்சு வச்சுக்கும், ஊறுகாய் போட்ட பிளாஸ்டிக் டப்பால வேற எதையும் வைக்க முடியாதுல்ல, அதே கதைதான், சவர் பீர், அதாவது புளிப்பு பீர், போட்டா அதுக்குன்னு தனி பாத்திரம். அடில முக்கோணத்துக்குள்ள 2ன்னு நம்பர் இருக்கறது மட்டும் போதாது, ஃபுட் கிரேடான்னு கேட்டு வாங்குங்க. 1ன்னு போட்ட பெட் (PET) பிளாஸ்டிக் கார்பாயும் வருது, பாக்க கண்ணாடி மாதிரியே இருக்கும், எடையே இல்ல, ஆனா கொதிக்கற தண்ணி பட்டா சுருங்கிடும், தூக்கும்போது உடம்பு அமுங்கி விரியறதால ஏர்லாக் தண்ணி உள்ள உறிஞ்சிக்கும்.

பிளாஸ்டிக் வழியா ஆக்சிஜன் போகும்னு பயமுறுத்துவாங்க. போகும்தான், ஆனா ரொம்ப மெதுவா. ஏல்ங்கற சாதாரண வகை பீர் ரெண்டு மூணு வாரத்துல பாட்டிலுக்குப் போயிடும், அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. சைஃபன் பண்ணும்போது, அதாவது ட்யூப் வச்சு பாட்டிலுக்கு இறக்கும்போது, சளசளன்னு கொட்டினீங்கன்னா அதுல போற ஆக்சிஜன்தான் பெரிய தலைவலி. ஆறு மாசம், ஒரு வருஷம் ஊற வேண்டிய பார்லி ஒயின் (பேருதான் ஒயின், ரொம்ப ஸ்ட்ராங்கான பீர்), சவர் மாதிரி எதாவது போட்டா அப்ப கண்ணாடி வாங்குங்க, பக்கெட்ல அவ்ளோ நாள் விட்டா ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்துடும். கண்ணாடி மேல பழைய கறுப்பு டிஷர்ட்டை மாட்டிடுங்க, வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கெட்டு ஸ்கங்க்ங்கற நாத்தம் புடிச்ச மிருகத்தோட வாடை அடிக்கும்.

பக்கெட் வாங்கினவங்க எல்லாரும் மறுநாள் கேக்கற கேள்வி, ஏர்லாக்ல குமிழே வரல, ஈஸ்ட் செத்துப் போச்சா? சாகல. மூடி ஓரமா காத்து கசியுது, அவ்ளோதான். குமிழை எண்ணாதீங்க, பீரோட அடர்த்தியை அளக்கற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்க, 1.050ல ஆரம்பிச்சது 1.010 பக்கம் வந்து ரெண்டு மூணு நாள் அசையாம நின்னா முடிஞ்சதுன்னு அர்த்தம்.

கீறல் விழுந்த பக்கெட்டை தூக்கிப் போடாதீங்க. என் முதல் பக்கெட் அடில ஓட்டை போட்டு வீட்டுக்காரம்மா கறிவேப்பிலைச் செடி வச்சிருக்காங்க, அக்டோபர் குளிர்ல உள்ள தூக்கிட்டு வர அந்தக் கைப்பிடி ரொம்ப வசதி.