டீபக்கரின் ப்ராசஸர் நிரலைச் சுத்தம் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கணினியிலிருந்து ஒரு சிப்பை நிறுத்தி, ஓட்டி, உள்ளே பார்க்க உதவும் டீபக்கரான ஓப்பன்ஓசிடியின் மூலநிரலைப் புதிதாகத் திறப்பவர்களின் கண்ணை முதலில் உறுத்துவது ‘டார்கெட்’ ஃபோல்டர்தான். ஏஆர்எம்7, ஏஆர்எம்9, கார்டெக்ஸ்-எம், கார்டெக்ஸ்-ஏ, மிப்ஸ், ரிஸ்க்-வி என்று ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் தனி ஃபைல்கள். ஹால்ட் (நில்), ரெஸ்யூம் (ஓடு), ஸ்டெப் (ஒரு கட்டளை மட்டும் போ) என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஃபங்ஷன்கள். நடுநடுவே எதற்கு என்றே புரியாத இரண்டு மூன்று வரிகள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் 2005-இல் தன் டிப்ளமா ஆய்வுக்காக எழுதிய கருவி இது. முதலில் ஏஆர்எம்7, ஏஆர்எம்9 மட்டும்தான். அப்புறம் வந்த ப்ராசஸர்களை ஆளுக்கொருவர் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2009-இல் டேவிட் பிரவுனெல் ஏஆர்எம் பகுதியைப் பெரிய அளவில் சீர்செய்தார். அதற்குப் பிறகும் சீர்செய்ய நிறைய இருக்கிறது. அதனால் சுத்தம் செய்ய முன்வருபவர்களை நான் தடுக்கப் போவதில்லை.

ஆனால் புதியவர்களின் பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) ரிவ்யூ செய்யும்போது, எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். பெயர் வைப்பது, டேப் இடுவது, கம்பைலர் வார்னிங் எல்லாம் இங்கே பேச வேண்டியதில்லை; அதற்குக் கருவிகள் இருக்கின்றன. எந்தக் கருவியும் பிடித்துக் கொடுக்காதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஃபார்மேட் மாற்றமும் லாஜிக் மாற்றமும் ஒரே பேட்ச்சில்

கூடாது. இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

படித்தால் அழியும் பிட்டுக்கு ‘கெட்டர்’ எழுதுவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். இன்றைக்கும் ஒரு பேட்ச்சில் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கார்டெக்ஸ்-எம் ப்ராசஸரில் டீபக் வேலைக்கெல்லாம் மையம் டிஎச்சிஎஸ்ஆர் என்ற ஒரு 32 பிட் ரெஜிஸ்டர். கோர் (ப்ராசஸரின் நிரலை ஓட்டும் பகுதி) நிற்கிறதா, தூங்குகிறதா, பிழையில் சிக்கி லாக்அப் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்வது அதில்தான். நில், ஓடு, ஒரு ஸ்டெப் போ என்று சொல்வதும் அதில்தான். ஆகவே அதைப் படிக்கும் வரி நிரலில் பல இடங்களில் வரும். சுத்தம் செய்ய வருபவர் என்ன செய்வார்? ‘கோர் நின்றிருக்கிறதா’ என்று கேட்பதற்கு அழகாக ஒரு சின்ன ஃபங்ஷன், ஒரு ‘கெட்டர்’, எழுதுவார். உள்ளே ரெஜிஸ்டரைப் படித்து, எஸ்_ஹால்ட் பிட்டை மட்டும் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று திருப்பித் தருவார். மற்ற பிட்களால் அவருக்கு வேலை இல்லை, அதனால் விட்டுவிடுவார்.

அந்த மற்ற பிட்களில் ஒன்று, 25-ஆவது பிட், எஸ்_ரீசெட்_எஸ்டி. கடைசியாகப் படித்ததற்குப் பிறகு கோர் ரீசெட் ஆகியிருந்தால் அது 1 ஆக இருக்கும். படித்த மாத்திரத்தில் ஹார்ட்வேர் அதை 0 ஆக்கிவிடும். 24-ஆவது பிட்டான எஸ்_ரிட்டயர்_எஸ்டியும் இதே ஜாதி. அதாவது ரீசெட் நடந்த செய்தி ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அதுவும் முதலில் படித்தவருக்கு மட்டும். அந்த அழகான ஃபங்ஷன் முந்திக்கொண்டால் செய்தி அங்கேயே தொலைந்தது. கோரின் நிலையை அவ்வப்போது பார்க்க அடுத்து வரும் போலிங் ஃபங்ஷனுக்கு ரீசெட் நடந்ததே தெரியாது.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? ரீசெட்டைக் கண்டதும் டீபக்கர் பயனரிடம் ‘வெளியிலிருந்து ரீசெட்’ என்று சொல்ல வேண்டும். கோர் ரீசெட்டிலிருந்து வெளியே வந்ததும் எஃப்பிபி, டிடபிள்யூடி என்ற டீபக் பகுதிகளில் ப்ரேக்பாயிண்ட்களையும் (நிரலில் நிற்க வேண்டிய இடங்கள்) வாட்ச்பாயிண்ட்களையும் (தொட்டால் நிற்க வேண்டிய மெமரி இடங்கள்) திரும்ப எழுத வேண்டும். சில சிப்களில் ரீசெட் லைன் டீபக் பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. செய்தி தொலைந்தால் இவை எதுவும் நடக்காது. கண்ணுக்கு எந்தப் பிழையும் தெரியாது. டீபக்கர் வாய் திறக்காமல் இருக்கும், அவ்வளவுதான்.

மோட்டார் கண்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு நிறுவனத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். அவர்கள் தங்களுக்கென்று டீபக்கரின் தனிக் கிளை ஒன்றை வைத்திருந்தார்கள். அவர்களுடைய புகார் டீபக்கரைப் பற்றியதே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சில கவுண்ட்டர் வேரியபிள்கள் திடீரென்று பூஜ்யம் ஆகின்றன, லைவ் வாட்ச் ஜன்னலில் நன்றாகத் தெரிகிறது, யார் அழிக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. ப்ராசஸர் இல்லாமலே மெமரியில் எழுதும் டிஎம்ஏ எல்லை தாண்டுகிறதா என்று பார்த்தார்கள். ஸ்டாக்கைப் பெரிதாக்கினார்கள். லிங்கர் ஸ்கிரிப்ட்டில் வேரியபிள்களை இடம் மாற்றினார்கள். ரீசெட் ஆகியிருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் தவறும் இல்லை. ரீசெட் ஆனால் டீபக்கர் சொல்லும் என்பது அவர்களுடைய அனுபவம். அது எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் ஒருவர் அந்தக் கவுண்ட்டர் மேல் ஒரு டேட்டா வாட்ச்பாயிண்ட் வைத்தார். அது பூஜ்யமான அதே நொடியில் கோர் நின்றது. நின்ற இடம், ஸ்டார்ட்அப் நிரலில் தொடக்க மதிப்பு தராத வேரியபிள்கள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைப் பூஜ்யமாக்கும் லூப். மெமரியை யாரும் கெடுக்கவில்லை. நிரல் தொங்கினால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர், சிப்பையே ரீசெட் செய்துகொண்டிருந்தது.

டீபக்கர் ஏன் சொல்லவில்லை என்று தேடியபோதுதான் அந்தக் கமிட் கிடைத்தது. மெமரியைப் படிப்பதற்கு முன்னால் கோர் லாக்அப்பில் இருக்கிறதா என்று பார்க்க, டிஎச்சிஎஸ்ஆரைப் படிக்கும் புதிய ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஓப்பன்ஓசிடியின் பின்னணிப் போலிங் வழக்கமாக 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. லைவ் வாட்ச் ஜன்னல் திறந்திருந்தால் அந்த இடைவெளிக்குள் மெமரி ரீட்கள் பல முறை வந்து போகும். எஸ்_ரீசெட்_எஸ்டியைப் பெரும்பாலும் அவைதான் முதலில் விழுங்கின. ஜன்னலை மூடிவிட்டுப் பார்த்தால் ரீசெட் செய்தி ஒழுங்காக வந்தது, ஆனால் ஜன்னல் இல்லாமல் யாரும் வேலை செய்யவில்லை. கமிட் குறிப்பில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘ரீஃபேக்டரிங் மட்டும், நடத்தையில் மாற்றம் இல்லை.’ அந்த ஒரு வரியை நம்பி ரிவ்யூ செய்தவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். சாதாரண நிரலில் ஒரு மதிப்பைக் கூடுதலாக ஒரு முறை படிப்பது நடத்தை மாற்றம் இல்லைதான். இங்கே அப்படி இல்லை. எத்தனை முறை படிக்கிறோம், எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதெல்லாம் நடத்தைதான்.

இதைச் சரியாகச் செய்யும் வழி இன்றைய ஓப்பன்ஓசிடி கார்டெக்ஸ்-எம் நிரலிலேயே இருக்கிறது. டிஎச்சிஎஸ்ஆரை எந்தக் காரணத்துக்காகப் படித்தாலும், ஒட்டிக்கொள்ளும் (1 ஆனால் படிக்கும்வரை அப்படியே இருக்கும்) பிட்களைத் தனி வேரியபிள் ஒன்றில் ‘ஆர்’ செய்து சேர்த்து வைக்கிறார்கள். போலிங் ஃபங்ஷன் அந்தச் சேமிப்பைப் பார்த்துத்தான் ரீசெட் நடந்ததா என்று முடிவு செய்கிறது. தான் பார்த்து முடித்த பிட்டை மட்டும் அழிக்கிறது. கோரின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும்போதுகூட, மதிப்பு தயார் என்று சொல்லும் எஸ்_ரெக்ஆர்டிஒய் பிட் வரும்வரை இதே டிஎச்சிஎஸ்ஆரைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். படிக்கும் வாசல் ஒன்றே ஒன்றாக இருந்து, அது பிட்களைச் சேர்த்தும் வைத்தால், மேலே எத்தனை அழகான ஃபங்ஷன் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

எழுதும் பக்கத்திலும் இதே ரெஜிஸ்டர் வேறு மாதிரி. படிக்கும்போது நிலையைக் காட்டும் மேல் 16 பிட்கள், எழுதும்போது சாவியாகிவிடும். சாவி எண் சரியாக இல்லாவிட்டால் ஹார்ட்வேர் அந்த ரைட்டை ஓசையில்லாமல் புறக்கணிக்கும். படி, ஒரு பிட்டை மாற்று, திரும்ப எழுது என்று எல்லா ரெஜிஸ்டருக்கும் பொதுவாக எழுதிய ஃபங்ஷன் இங்கே வேலை செய்யாது, பிழையும் காட்டாது.

அடுத்த ப்ராசஸரில் இந்த அனுபவத்தை அப்படியே நம்பவும் கூடாது. ரிஸ்க்-வி டீபக் ஸ்பெக்கின் 0.13 பதிப்பில், ரீசெட் நடந்ததைக் காட்டும் ‘ஹேவ்ரீசெட்’ பிட் படித்தால் அழியாது. டிஎம்கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் ‘ஆக்ஹேவ்ரீசெட்’ எழுதினால்தான் போகும். அதே ஸ்பெக்கில் கட்டளைப் பிழையைக் காட்டும் சிஎம்டிஎர்ர் 1 எழுதினால் அழியும். ஏஆர்எம் டீபக் போர்ட்டின் ஸ்டிக்கி எரர் பிட்டை ஜேடேக் இணைப்பில் கண்ட்ரோல்/ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரிலேயே 1 எழுதி அழிக்க வேண்டும். எஸ்டபிள்யூடி இணைப்பில் அபார்ட் ரெஜிஸ்டர் வழியாக. பொதுவான ‘ரீசெட் பார்’, ‘பிழையை அழி’ ஃபங்ஷன்களை எழுதுவதற்கு முன் மேனுவலில் ஒவ்வொரு பிட்டுக்கும் எதிரே ‘வகை’ என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

க்யூ இருப்பதை மறப்பது

ஓப்பன்ஓசிடியில் ஒரு ரீட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பல நேரம் ரீட் அப்போதே நடக்காது. வரிசையில் சேரும். வரிசையை ஓட்டும்போதுதான் யுஎஸ்பி வழியாகப் போய்ப் பதில் வந்து, நீங்கள் கொடுத்த பாயிண்டரில் விழும். நீளமான ஒரு ஃபங்ஷனை வெட்டிச் சின்னதாக்குபவர், உள்ளே ஒரு லோக்கல் வேரியபிளை வைத்து ரீட்டை வரிசையில் சேர்த்துவிட்டு, அதன் மதிப்பைத் திருப்பித் தருகிறார். திருப்பித் தருவது குப்பை. அதைவிட மோசம், பிற்பாடு வரிசை ஓடும்போது பதில் செத்துப்போன ஸ்டாக் இடத்தில் எழுதப்படும். எங்கோ சம்பந்தமில்லாத ஃபங்ஷன் கெட்டுப்போகும்.

இதற்குப் பயந்து எல்லா ரீட்டையும் உடனே நடக்கும் ‘அட்டாமிக்’ வகைக்கு மாற்றுபவர்களும் உண்டு. அது சரியாக ஓடும், ஆனால் ஒவ்வொரு ரீட்டுக்கும் ஒரு யுஎஸ்பி போக்குவரத்து. ஃபுல்-ஸ்பீடு யுஎஸ்பியில் ஒரு ஃப்ரேம் 1 மில்லிசெகண்ட். ஆர்0 முதல் ஆர்15 வரை, கூடவே எக்ஸ்பிஎஸ்ஆர், ஆக 17 ரெஜிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் எழுதுவது, காத்திருப்பது, படிப்பது. ஓப்பன்ஓசிடியோடு பேசும் ஜிடிபி டீபக்கரில் ஒவ்வொரு ஸ்டெப்பும் இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு ரைட்டை ஒன்றாக்குவது

ஸ்டெப் நிரலில் டிஎச்சிஎஸ்ஆருக்கு அடுத்தடுத்து இரண்டு ரைட் இருக்கும். முதலாவது, கோர் நின்றிருக்கும்போதே இன்டரப்ட்களை மறைக்கும் சி_மாஸ்க்இன்ட்ஸ் பிட்டை வைக்கும். இரண்டாவது, சி_ஹால்ட்டை எடுத்துவிட்டு ஸ்டெப் செய்யும். வீண் வேலை என்று இரண்டையும் இணைத்துவிடாதீர்கள். சி_ஹால்ட் 1-இலிருந்து 0 ஆகும் அதே ரைட்டில் சி_மாஸ்க்இன்ட்ஸை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஏஆர்எம் ஆவணமே சொல்கிறது. உங்கள் மேஜையில் இருக்கும் சிப்பில் ஓடிவிட்டது என்பது ஒரு சாட்சியமே ஆகாது.

‘யாரும் பயன்படுத்தாத’ வரிகளை நீக்குவது

பழைய ஏஆர்எம் நிரலில் எஃப்0 முதல் எஃப்7 வரை போலி ரெஜிஸ்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 12 பைட், எப்போதும் பூஜ்யம். எந்தக் கார்டெக்ஸ் சிப்பிலும் அப்படி ரெஜிஸ்டர் கிடையாது. ஆனால் ரெஜிஸ்டர்களின் எக்ஸ்எம்எல் விவரிப்பு கிடைக்காதபோது ஜிடிபி, பழைய எஃப்பிஏ (தசமக் கணக்குப் பகுதி) காலத்து வரிசையைத்தான் எதிர்பார்க்கும்: பிசிக்குப் பிறகு எஃப்0–எஃப்7, எஃப்பிஎஸ், அப்புறம், 0-விலிருந்து எண்ணினால் 25-ஆம் எண்ணில், நிலை ரெஜிஸ்டரான சிபிஎஸ்ஆர். போலிகளை நீக்கினால் சிபிஎஸ்ஆர் இடம் மாறிவிடும்.

ஸ்ட்ரக்ட்களின் தலையில் இருக்கும் ‘காமன் மேஜிக்’ எண்களும் அப்படித்தான். ஒரே ஒரு கோர் உள்ள போர்டில் அவை எதற்கும் பயன்படாதது போலத் தெரியும். கார்டெக்ஸ்-ஏ7, கார்டெக்ஸ்-எம்4 இரண்டும் உள்ள எஸ்டிஎம்32எம்பி1-இல் தவறான கோருக்கு ஒரு கட்டளை போகும்போது, ‘இது அந்த வகை டார்கெட் இல்லை’ என்று மரியாதையாக மறுப்பது அந்த எண்தான். அது இல்லாவிட்டால் வேறொரு ஸ்ட்ரக்ட்டைத் தன்னுடையது என்று நினைத்துப் படிக்கும்.

நீக்குவதற்கு முன், எந்த வரியை எந்தக் கமிட் சேர்த்தது என்று காட்டும் கிட் ப்ளேம் பாருங்கள். காரணம் கிடைத்தால் அதைக் கமெண்ட்டாக எழுதிவிடுங்கள். அதுவே நல்ல பேட்ச்.

ஒரு சிப்பின் எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவது

டீபக்கர் மெமரியை அணுகும் மெம்-ஏபியின் முகவரி ரெஜிஸ்டரான டிஏஆர் தானாக ஏறுவதற்கு உத்தரவாதம் கீழ் 10 பிட் வரை, அதாவது 1 கேபி. கார்டெக்ஸ்-எம்3, எம்4-இல் 4 கேபி வரை ஏறும். 4 கேபியைப் பொது எண்ணாக்காதீர்கள்.

எண்டியன் ஃபங்ஷன்களை ஒன்றாக்குவது

எண்டியன் என்பது ஒரு எண்ணின் பைட்கள் அடுக்கப்படும் வரிசை. எண்ணை எடுக்கும் ஃபங்ஷன்கள் மூன்று வகை, பார்த்தால் மூன்றும் ஒரே வேலை செய்வது போலிருக்கும். ரெஜிஸ்டர் கேஷிலிருந்து எடுப்பது ஒன்று, டார்கெட் மெமரியின் எண்டியன்படி எடுப்பது ஒன்று, எப்போதும் லிட்டில் எண்டியனாக எடுப்பது ஒன்று. லிட்டில் எண்டியன் லேப்டாப்பில் லிட்டில் எண்டியன் சிப்பை மாட்டினால் வித்தியாசமே தெரியாது. டிஎம்எஸ்570 போன்ற பிக் எண்டியன் கார்டெக்ஸ்-ஆர் சிப் வைத்திருப்பவரிடமிருந்து பிழை அறிக்கை வரும்.

எமுலேட்டரில் ஓட்டிவிட்டேன் என்பது

போதாது. எமுலேட்டரான க்யூஎமுவில் ஜிடிபியோடு பேசும் ஸ்டப்புக்கு இந்த ரெஜிஸ்டர்கள் எதுவுமே தேவையில்லை.

கார்டெக்ஸ்-எம் நிரலைத் தொடுகிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று போர்டு வேண்டும்: ஒரு எம்0, ஒரு எம்4, ஒரு எம்7. எம்7 போர்டு எஸ்டிஎம்32எஃப்746 போல ஆர்0பி1 ரிவிஷனாக இருந்தால் நல்லது. அதில் ஸ்டெப் செய்யும்போது காத்திருக்கும் இன்டரப்ட்டுக்குள் நுழைந்துவிடும் சிலிக்கான் பிழை உண்டு. அதற்கான எச்சரிக்கையும் மாற்று வழியும் நிரலில் இருக்கின்றன, உங்கள் மாற்றத்துக்குப் பிறகும் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று அங்கேதான் தெரியும். மூன்று போர்டிலும் கோரை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் மெமரியை இடைவிடாமல் படித்துக்கொண்டே ரீசெட் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ரீசெட் செய்தி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேட்ச்சை அனுப்பாதீர்கள்.